நீங்கள் கட்டிய பாதிக் கூரை

என் நங்கையாளுக்கு,

சரோஜா எழுதிக்கொள்வது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்றுதான் கை போகிறது. அப்படி எழுதினால், “செத்தவளைப் போயி நலமான்னு கேக்கறயே, உனக்கு மூளை கீது இருக்குதா அம்மிணி?” என்று சிரிப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். போன வாரத்துக் காற்றுமழையிலிருந்து அது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணன் பெண்டாட்டியை மற்ற ஊர்க்காரர்கள் அண்ணி என்பார்கள், எங்கள் பக்கம் நங்கையா. அண்ணனும் இவரும் மண்ணரையில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார்கள். அண்ணன் துணி வெட்டுவார், நங்கையா ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைப்பார். கூட நாலைந்து டெய்லர்கள். போன கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்த நங்கையா எழுந்திருக்கவில்லை.

நங்கையா, நீங்கள் போனதிலிருந்து அண்ணன் எப்படி இருந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனியைப் பூட்டினார். டெய்லர்கள் கொஞ்ச நாள் வந்து வந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டார்கள். ஈரோட்டிலிருந்து மகள் வந்து, “எங்கூட வந்துருங்கப்பா” என்று கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. வீட்டு முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பூட்டின கொட்டகையைப் பார்த்தபடி காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார்.

நான் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறேன், தினமும் சோறு கொண்டுபோவேன். ரெண்டு வாய் சாப்பிடுவார். எது கேட்டாலும் ‘ம்’. வேண்டாம் என்றாலும் ‘ம்’, வேண்டும் என்றாலும் ‘ம்’. அழக்கூட இல்லை, நங்கையா. உங்களை எடுத்த அன்றைக்கும் அழவில்லை. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணனும் உங்கள் பின்னாலேயே கிளம்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

சித்திரை பிறந்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு மத்தியானம் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு போனேன். மேற்கே சோமனூர்ப் பக்கம் வானம் கருத்திருந்தது. அதற்குக் கீழே செம்மண் நிறத்தில் புழுதி எழும்பி வருவது தெரிந்தது. அடுத்த நிமிஷம் கரண்ட் போயிற்று. தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. ஞாயிற்றுக்கிழமையில்கூட நம் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இது சித்திரை, இதற்கு என்ன பழமொழி இருக்கிறதோ தெரியவில்லை. காற்று வந்த வேகத்தில் எதிர்த்த டீக்கடைத் தார்ப்பாய் எழும்பி டெலிபோன் கம்பத்தைக் கட்டிக்கொண்டது. அப்புறம் ஆலங்கட்டி. அப்புறம் இடி. என் வாய் தானாக ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்றது. நீங்கள் இருந்திருந்தால், “அர்ச்சுனன் வந்து நம்ம தகரத்தைப் புடிச்சுக்குவானாக்கும்” என்று கேட்டிருப்பீர்கள்.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாரல் அடித்து வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது.

“அண்ணா, உள்ள வாங்க! எந்திரிங்ணா!”

“உடு.”

“கொட்டகைத் தகரம் ஆடுதுங்ணா, பறந்து வந்து மேல உழுந்துரப் போகுது!”

“உழுந்தா உழுகட்டும்.”

அந்தச் சொல்லுக்குத்தான் நான் பயந்தேன். இடிக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. சரி, போனால் ரெண்டு பேருமாகப் போவோம் என்று நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். நம்ம கெரகம் அப்படி.

அப்போதுதான் கொட்டகையின் மேற்குப் பாதி போயிற்று. முதலில் ஒரு கிறீச். அப்புறம் டப், டப் என்று கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஓரத்துத் தகரம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து எழும்பிச் சுவரைத் தாண்டிப் போனது. அதன் பின்னாலேயே அடுத்தது, அதற்கடுத்தது. கட்டிங் டேபிள் மேல் மழை கொட்டுவதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன்.

கிழக்குப் பாதி, நங்கையா, உங்கள் பாதி, போகவில்லை. காற்று வரும்போது ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டது, காற்று விட்டதும் தொப்பென்று உட்கார்ந்தது. தூக்குவதும் உட்காருவதுமாக இருந்ததே தவிர, விட்டுப் போகவில்லை. தூங்குகிற பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதுபோல் இருந்தது எனக்கு. உங்கள் ஓவர்லாக் மெஷின் அதன் அடியில்தான், மூடின துணியோடு நனையாமல் நின்றது.

அண்ணன் எழுந்து நின்றார். நான் எழுப்பவில்லை, அவராகவே எழுந்தார்.

“அது ஏன் போகல?”

கார்த்திகைக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. நான் திகைத்ததில் ரசச் சொம்பு கையை விட்டு நழுவிற்று. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தக் கூரையின் கதை உங்களுக்குத் தெரியாததா? ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. எண்பதுகளில், கம்பெனி ஆரம்பித்த புதிதில் இதேபோல் ஒரு சித்திரைக் காற்றில் கூரை முழுசும் போயிற்று. அன்றைக்கு ஊரில் பாதிக் கொட்டகைக்குக் கூரை இல்லை. மறுநாள் எந்த இரும்புக் கடையிலும் கட்டுக்கம்பி கிடைக்கவில்லை. அண்ணன் கையில் கிடைத்த கம்பியை வைத்து மேற்குப் பாதித் தகரங்களைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினார். மீதிக்குக் கம்பி தேடிக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

அவர் திரும்பி வருவதற்குள் நீங்கள் என்ன செய்தீர்கள்? வெட்டி மிஞ்சின பனியன் துணிக் கிழிசல்களை மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டு, டெய்லர் பெண்களோடு உட்கார்ந்து, கை தடிமனுக்குக் கயிறாகத் திரித்து, தகரத்து மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுத் தூணோடு கட்டிவிட்டீர்கள். நானும்தான் திரித்தேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“ஏ புள்ள, பனியன் துணியில கூரை கட்டறவ இந்த ஒலகத்துலயே நீ ஒருத்திதான்! இழுத்தா நீளற துணி. இது ஒரு காத்துக்குத் தாங்குமா?”

“கம்பி கெடைக்கற வரைக்கும் இருக்கட்டுங்க” என்றீர்கள் நீங்கள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கம்பி அடுத்த வாரமே கிடைத்தது. ஆனால் அந்தப் பாதிக்குக் கம்பி ஏறவே இல்லை. வெயிலில் துணி இற்றுவிடும் என்று வருஷா வருஷம் பங்குனி முடிவில் பழையதை அவிழ்த்துப் போட்டுப் புதுக் கிழிசலில் திரித்துக் கட்டுவீர்கள். அண்ணன் அந்தப் பக்கம் ஏணி போட்டு, கட்டிங் பிளேயரால் தம் பாதிக் கம்பியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவார். “இறுக்கி நின்னாத்தான் புள்ள அது கட்டு” என்பார் மேலேயிருந்து. “இறுக்குனா இடுப்புத்தாங்க வலிக்கும்” என்பீர்கள் கீழேயிருந்து. சித்திரை பிறந்தால் மற்ற வீட்டில் கனியும் பூவும் வைப்பார்கள், உங்கள் வீட்டில் கூரைச் சண்டை. நான் எப்போதும் அண்ணன் கட்சிதான். கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுக்கிற நாத்தனார் எந்த ஊரில் இருக்கிறாள்?

அதற்கப்புறம் அந்த அளவுக்குப் பெரிய காற்று வரவே இல்லை. யார் சொன்னது சரி என்று தெரியாமலே சண்டை மட்டும் தொடர்ந்தது. போன வருஷம் பங்குனியில் நீங்கள் கட்டியதுதான் கடைசிக் கட்டு. இந்தப் பங்குனிக்கு மாற்ற ஆளில்லை. அந்தப் பழைய துணிதான் இந்தக் காற்றைத் தாங்கியது.

மழை விட்டதும் அண்ணன் ஏணியைத் தேடினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். கூரையில் மெல்ல ஏறித் துணிக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நனைந்து, நீண்டு, தொள தொளவென்று கிடந்தன. அங்கங்கே நைந்திருந்தது, ஒன்றுகூட அறவில்லை. அப்புறம் மேற்குப் பக்கம் போய், அறுந்த கம்பி நுனிகளைக் கையில் வைத்துப் பார்த்தார். கம்பி போட்ட ஓட்டையெல்லாம் தகரத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிழிந்திருந்தது.

மறுநாள் காலையில் ஊர்ச் செய்தி ஒவ்வொன்றாக வந்தது. உங்களுக்குப் பிடிக்கும் என்று சேர்த்து வைத்திருக்கிறேன். சலவைப் பட்டறைக் களத்தில் காயப்போட்ட வெள்ளைத் துணி முழுக்கப் புளியமரங்களில் ஏறிக்கொண்டது. ஒரு பீஸ் கரண்ட் கம்பியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தொங்கியது. என் வீட்டு மாடிக் கொடியில் என் வீட்டுக்காரர் லுங்கியைக் காற்று கொண்டுபோய்விட்டது, அதற்குப் பக்கத்தில் கிளிப் போடாமல் கிடந்த கைக்குட்டையை விட்டுவிட்டது. ஏன்? பால்காரம்மா வீட்டுக் கோழி ஒன்று காணாமல் போய், அடுத்த நாள் வாலில் ஒரு இறகு இல்லாமல் நடந்தே வந்து சேர்ந்தது. அது எங்கே போயிற்று, என்ன பார்த்தது என்று யார் கேட்பது?

பக்கத்து வீட்டுக் காதர் பாய், பட்டனும் எலாஸ்டிக்கும் விற்கிறாரே, அவர் தம் கடைப் பையன்களோடு நம் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“மொதலாளி, உங்க ஊட்டுத் தகரம் எங்க ஊட்டுக்கு விருந்தாட வந்துருச்சுங்க. சோறு போட்டு அனுப்பிச்சிருக்கறேன், பத்திரமா வெச்சுக்கங்க.”

அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ரெண்டு பாதியையும் காட்டினார். “இது ஏன் போச்சு, அது ஏன் போகலீங்க பாய்?”

பாய் அண்ணாந்து பார்த்தார். கிழக்கே வேப்பமரம் இருக்கிறதல்லவா, அது மறைத்திருக்கும் என்றார்.

“காத்து மேக்கால இருந்து வந்துச்சுங்க. வேம்பு கெழக்கால நிக்குது. அது எப்படிங்க மறைக்கும்?”

என் வீட்டுக்காரர் வந்து, அந்தப் பக்கத்துத் தகரம் கனமாக இருக்கும் என்றார். ரெண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது என்று அண்ணன் அடித்துச் சொல்லிவிட்டார். பால்காரம்மா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “உங்க ஊட்டுக்காரம்மாதாஞ் சாமி வந்து புடிச்சுக்கிட்டாங்க, வேற யாரு” என்றாள். அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. எல்லோரும் சொன்னதைவிட இதைத்தான் ரொம்ப நேரம் யோசித்தார்.

அதற்கப்புறம் அவர் செய்ததைக் கேளுங்கள். கம்பெனிப் பூட்டைத் திறந்தார். கிழிந்த தகரத்தில் ரெண்டு துண்டு வெட்டினார். ஒன்றைக் கம்பியாலும் ஒன்றைத் துணிக் கயிற்றாலும் குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டார். ரெண்டிலும் எடைக்கல்லைக் கட்டினார். கல்லைக் கையால் தூக்கித் தொப்பென்று விடுவார், மறுபடி தூக்குவார், மறுபடி விடுவார். காற்று செய்ததைத்தான் அவர் கையால் செய்துகொண்டிருந்தார். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. நான் கேலி செய்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

முதலில் கம்பிதான் நன்றாக நின்றது. துணி நீண்டு, அதன் கல் தரையைத் தொட்டது. அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். “பாத்தியா அம்மிணி? கம்பிதான் கெட்டி. நாஞ் சொன்னேனல்ல?”

ஆனால் அவர் நிறுத்தவில்லை. தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் கம்பி தகரத்து ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தது. கம்பி மடிந்த இடமும் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் டப்பென்று அறுந்து, கல் அவர் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. துணிப் பக்கத்துக் கல் மட்டும் எகிறியது, இறங்கியது, எகிறியது. சாயங்காலம்வரை பண்ணிப் பார்த்தார். கை ஓய்ந்ததே தவிர, துணி ஓயவில்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அம்மிணி, சோறு இருக்குதா?” என்றார்.

நங்கையா, எத்தனை மாசத்துக்கு அப்புறம் அவராகக் கேட்கிறார் தெரியுமா? நான் ஓட்டமாக ஓடினேன். செருப்பு போடக்கூட மறந்துவிட்டது. தட்டு நிறையப் போட்டேன், ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு உங்கள் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அவளுக்குத் தெரியுமா அம்மிணி?”

“என்னதுங்ணா?”

“இது இப்படி நிக்கும்னு தெரிஞ்சே கட்டுனாளா, இல்ல, கம்பி இல்லீன்னு கைக்குக் கெடைச்சதுல கட்டுனாளா?”

“எனக்கெப்படித் தெரியுமுங்ணா?”

“உங்கிட்டயும் சொன்னதில்லியா?”

“நான் உங்க கட்சியில்லீங்களா? எங்கிட்ட எதுக்குச் சொல்றாங்க?”

கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். “ஜெயிச்சுட்டா” என்றார். “ஜெயிச்சுட்ட புள்ளன்னு சொல்லலாம்னா, ஆளைக் காணோம்.” சொல்லிவிட்டு மெஷின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதார். எடுத்த அன்றைக்கு வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. நானும் அழுதேன். அழுதுகொண்டே எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இப்படிச் சொன்னால் தப்பாக நினைக்க மாட்டீர்களே? அண்ணன் இனி இருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றிவிட்டது.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். தெரிந்துதான் கட்டினீர்களா?

நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியும் என்றால், கம்பி கிடைத்த பிறகும் மாற்றாமல் இருந்ததற்கு அர்த்தம் இருக்கிறது. பழுப்பாக இற்றதை ஒதுக்கிவிட்டு, இழுத்து இழுத்துப் பார்த்துத்தானே கிழிசல் பொறுக்குவீர்கள்? இழுத்தால் எவ்வளவு வரும், விட்டால் எவ்வளவு போகும் என்று நாள் முழுக்க அந்தத் துணியோடு கிடந்த விரல்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரியாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நீங்கள் எதைத்தான் பனியன் துணியில் கட்டவில்லை? பக்கெட் கைப்பிடி, கேட்டுக் கதவு, ரேடியோ, உடைந்த மூக்குக்கண்ணாடிக் காம்பு, பொங்கலூரிலிருந்து வந்த தேங்காய் மூட்டை, எல்லாவற்றுக்கும் அந்தக் கிழிசல்தான். ஒருதரம் என் மகன் வாலாட்டுகிறான் என்று அவனையே தூணில் கட்டினீர்கள். அதே பழக்கத்தில் கூரையையும் கட்டியிருக்கலாம். குருட்டாம்போக்கில் அது சரியாகப் போயிருக்கலாம். இல்லை, ஆரம்பத்தில் தெரியாமல் கட்டி, பிறகு ஏதோ ஒரு காற்றில் தகரம் எகிறி உட்கார்வதைத் தையல் போட்டபடியே பார்த்து, அன்றிலிருந்து வாய்க்குள் சிரித்துக்கொண்டே இருந்தீர்களா? தெரிந்தும் அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் சண்டை முடிந்துவிடுமே என்றா?

எனக்குப் பிடித்த பதில் அதுதான். ஆனால் எனக்குப் பிடித்தது என்பதற்காக அது உண்மையாகிவிடுமா?

மேற்குப் பாதிக்குத் தகரம் வந்து இறங்கிவிட்டது. டெய்லர்களில் ரெண்டு பேர் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று நான் ஒரு மூட்டைக் கிழிசலைச் சுமந்துகொண்டு போனேன், மேற்குப் பாதிக்கும் சேர்த்துத் திரிக்கலாம் என்று. பார்த்தால் அண்ணன் புதுக் கட்டுக்கம்பிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னுங்ணா இது? அத்தனை ஆட்டம் ஆடிப் பாத்தீங்க, மறுக்காவும் கம்பியா?”

அவர் கம்பியை எடுத்து, ஒரு பென்சில் மேல் நெருக்க நெருக்கச் சுற்றினார். பென்சிலை உருவினார். சுருள் சுருளாக நின்றது. அதன் ரெண்டு நுனியையும் பிடித்து இழுத்துக் காட்டினார். நீண்டது. விட்டார், சுருங்கியது. கண்ணில் அந்தப் பழைய சண்டைக்காரன் வந்து நின்றான்.

“இப்படிச் சுருள் உட்டுக் கட்டப் போறேன். கம்பியும் இழுத்தா வரும் அம்மிணி.”

“துணியே சும்மா கெடைக்குதேங்ணா, அதுல கட்டுனா என்ன?”

“ரெண்டு பக்கமும் துணியில கட்டிப்போட்டா, அப்புறம் அவகூட நான் எதை வெச்சுச் சண்டை போடறது?”

நான் மூட்டையை இறக்கி வைத்து ஏணியைப் பிடித்துக்கொண்டேன், நங்கையா. அவர் ஏணியில் ஏறிவிட்டார்.

நான் உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன். கிழக்குப் பாதிக்கு வருஷா வருஷம் பங்குனியில் என் கையால் திரித்துக் கட்டுவேன். கீழே நின்றுகொண்டு, நீங்கள் சொன்னதையெல்லாம் நானும் சொல்வேன். அண்ணன் எவ்வளவு கத்தினாலும் ஒரு சொல் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் கத்துகிறவரைக்கும் எனக்குக் கவலை இல்லை.

இன்றிலிருந்து அண்ணன் கட்சியை விட்டு உங்கள் கட்சிக்கு வந்துவிட்ட,
உங்கள் நாத்தனார்
சரோஜா